சண்டை போட்டால் எழுந்திருக்கும் சிஸ்டம்

அவளைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அவளுடைய அக்கா. தொட்டிலில் கிடக்கும்போதே கால் ஓரிடத்தில் நிற்காதாம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவாள். தாளின் பின்பக்கத்தில் இன்னும் நாலு கேள்வி இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அடுப்பில் பாலை வைத்தால் பொங்குகிற வரைக்கும் நிற்கப் பொறுக்காது. இடையில் ஒரு வாளி துணி அலசப் போவாள், பால் அடுப்பைக் குளிப்பாட்டிவிடும்.

இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரி ஆனதும் அந்த அவசரத்தால்தான். ஒரு ரிப்பேர் கடையில் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களை உட்காரச் சொல்லுகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். அங்கிருந்த மெக்கானிக் சாப்பிடப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். காத்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவளால் முடியவில்லை. திருப்புளியை எடுத்தாள், திறந்தாள், ஊதினாள், எதையோ கழற்றி மறுபடி மாட்டினாள். ஓடியது. அன்றைக்குப் பிடித்தது திருப்புளி. இப்போது ஒரு வணிக வளாகத்தில் மாடிப்படிக்கு அடியில் அவளுக்கென்று ஒரு மேசை இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். காலையில் கொடுத்தால் மத்தியானம் வாங்கிக்கொண்டு போகலாம் என்பது அவள் பேர். அவசரத்தில் பார்த்ததால் மூன்றாம் நாளே திரும்பி வந்த சாமான்களும் உண்டு. அதை அவள் சொல்ல மாட்டாள், அதனால் நாமாவது சொல்லிவிடுவோம்.

அவளுக்கு வாய்த்த புருஷன் லிப்ட் ஓட்டுகிறவர். முக்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு நாளைக்கு நூறு தடவை பத்து மாடி ஏறி இறங்குவார். "ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஓடினா கதவை யாரு பூட்டுறது" என்று அவர் கேட்பார்.

அக்கா வேறு மாதிரி. ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். காதில் குழல், கையில் பேனா, முன்னால் ஒரு நீள நோட்டு. யார் யாரைக் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு லைன் கிடைத்தது, எத்தனை மணிக்கு அறுந்தது, எல்லாம் அதில் ஏறும். லைன் அறுந்ததும் சிலர் வெடுக்கென்று மறுபடி கூப்பிடுவார்கள். "கொஞ்சம் ஆறட்டும், சார். ஆறினதும் நானே போடுறேன்" என்பாள். ஆறட்டும் என்பது அவளுக்கு வாய்ப்பாடு. கோபமா, ஆறட்டும். காயமா, ஆறட்டும். பிரச்சினையா, அதுவும் ஆறட்டும்.

எட்டு மாசத்துக்கு முன்னால் அந்தப் போர்டை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே கூப்பிட்டால் ஒரு பதிவுக் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தேயிருந்தாள். நோட்டில் எழுத ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு வாசல் மணி எத்தனை தடவை அடித்தது என்று ஒரு நாள் எழுதி வைத்திருந்ததைப் பம்பரம் பார்த்தாள். அன்றைக்கே அக்காவுக்கு வேலை தேட ஆரம்பித்தாள்.

அந்த வாரமே ஒரு வேலை கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். அக்காவின் காதுக்கென்றே பிறந்த வேலை. ஆனால் ஒரு தேர்வு உண்டு. சொந்த சிஸ்டத்தில், அவர்கள் கொடுக்கிற ப்ரோக்ராமில், ஒரு மணி நேரம் ஒரே இருப்பாக உட்கார்ந்து எழுத வேண்டும். நடுவில் சிஸ்டம் நின்றால் தேர்வு போச்சு. அறைக்குள் வேறு யாராவது நுழைந்தது கேமராவில் தெரிந்தாலும் போச்சு. அடுத்த தேர்வு ஆறு மாசம் கழித்து. அதற்குள் அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக இருப்பது இந்த ஒரே தடவைதான். வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி.

"சிஸ்டத்தை நான் பண்ணித் தர்றேன். நீ ஒண்ணும் யோசிக்காத" என்று பம்பரம் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாமான்களை வாங்கி வந்து அக்கா வீட்டு உள்ளறையில் தரையில் பரப்பிப் பூட்டினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தாள். அம்மா இருந்த அந்த வீட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே புதுச் சாமான் எதற்கும் உறை பிரிக்க மாட்டார்கள். ஒரு வருஷமாவது உறையோடு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அம்மாவின் சட்டம். அம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்று, சட்டம் போகவில்லை. பிரிட்ஜ் கதவில் பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகிப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள் இருக்கும், பட்டனை அமுக்கினால் சரக் சரக் என்று சத்தம் வரும்.

மானிட்டரின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பம்பரம் உரிக்கப் போனாள்.

"அதுல ஏன்டி கைவைக்கிற? புதுசு. கீறல் விழும்."

"அக்கா, இதை உரிச்சாத்தான் எழுத்துத் தெளிவா தெரியும்."

"எனக்குத் தெளிவாத்தான் தெரியுது. உன் கண்ணைக் காட்டு டாக்டர்கிட்ட."

"நீயும் உன் உறையும். எதையும் உரிக்கல, போதுமா?"

அந்தக் கடுப்பில் மிச்ச வேலையை மளமளவென்று முடித்தாள். சிஸ்டம் ஓட அடிப்படையான ஓ.எஸ். ப்ரோக்ராமைப் போட்டாள். திரை வெளிச்சமானது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மவுசைப் பூப்போலத் தொட்டாள். இருபது நிமிஷம் ஓடியிருக்கும். திரை நீலமாகி, ஏதோ ஆங்கிலத்தில் புலம்பிவிட்டு அணைந்தது.

"காலைல வர்றேன். ஓ.எஸ். சரியா ஏறல, அவ்வளவுதான்" என்றாள் பம்பரம். சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தவள்தான். பழையதை அழித்துவிட்டு ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டாள். ஓடியது, நீலமானது, செத்தது. செத்த கையோடு பட்டனை அமுக்கினாள். கறுப்புத் திரையில் ஒரே வரி வந்தது. டிஸ்க்கைக் காணோம் என்றது. உள்ளேதான் இருக்கிறது, விரல் நீளத்தில் ஒரு குச்சி, போர்டில் செருகி மேலே ஒரு உலோகத் தட்டும் போட்டு முடுக்கியிருக்கிறாள். அது எங்கே போகும்? ஓ.எஸ்.தான் கோளாறு என்று தீர்மானித்துப் பையைக் கவிழ்த்துப் பென் டிரைவைத் தேடி, செருகி, மறுபடி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தாள். இப்போது டிஸ்க் சமர்த்தாகத் தெரிந்தது.

"என்னடி சொல்லுது?" என்றாள் அக்கா. மடியில் நீள நோட்டு இருந்தது.

"ஒண்ணும் சொல்லல. நீ அடுப்புல ஏதாவது இருந்தாப் போய்ப் பாரு."

"அடுப்பு அணைச்சு ஒரு மணி நேரமாச்சு. கொஞ்சம் ஆறட்டும்டி, உடனே உடனே அமுக்காத."

"ஆற விடறதுக்கு இது என்ன கஞ்சியா?"

இரண்டாவது தடவையும் செத்தது. இந்தத் தடவை அக்கா, "கடையில வாங்கின சிஸ்டமா இருந்தா இந்நேரம் திருப்பிக் கொடுத்திருக்கலாம்" என்று முனகினாள். வந்ததே கோபம் பம்பரத்துக்கு. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டு சண்டை போட்டாள். சின்ன வயதில் அக்கா ஒளித்து வைத்த பென்சில் டப்பா வரைக்கும் பேச்சுப் போனது. அக்காவும் சளைக்கவில்லை, இவள் ஊற வைத்து மறந்த துணியிலிருந்து ஆரம்பித்தாள். கால் மணி நேரம் ஆன பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள் பம்பரம். சிஸ்டம் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்துகொண்டது.

"பாத்தியா, பயந்துக்கிச்சு" என்றாள் அக்கா.

சிரிக்கிற நிலையில் பம்பரம் இல்லை. ராம் குச்சி இரண்டையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள்.

"மெமரி போயிருக்கலாம்" என்றாள்.

"எனக்கா, அதுக்கா?"

"உனக்கு எங்க போகுது. பென்சில் டப்பா நிறம்கூட ஞாபகம் இருக்கு."

மெமரியில் குற்றமில்லை. கரண்ட் கொடுக்கிற பெட்டியை மாற்ற, தன் மேசையிலிருந்த பழைய பெட்டியை ஓடிப்போய் எடுத்து வந்தாள். வழியில் கடைக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. பெட்டியிலும் குற்றமில்லை. மூளையாக இருக்கிற சில்லு கொதிக்கிறதோ என்று அதன் சூட்டைத் திரையில் பார்த்தாள். பச்சைப் பிள்ளையின் உடம்பு மாதிரி இதமாக இருந்தது. டிஸ்க்கைச் சோதிக்கிற ப்ரோக்ராமை ஓட்டினாள். டிஸ்க் நலம் என்று ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. வேறு டிஸ்க் மாட்டிப் பார்க்கலாமென்றால், சாமான் வாங்கிய கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஒரு மணி. இரண்டு மணி. அக்கா போட்டு வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. பம்பரத்துக்குக் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. உட்கார்ந்தால் முட்டி ஆடும், நின்றால் விரல் மேசையைத் தட்டும். அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் எத்தனை தடவை நடந்தாளோ. புருஷனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே பிடிபடல."

"எத்தனாவது மாடில நிக்குது?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. லிப்டு நின்னா முதல்ல எந்த மாடிலன்னுதான் கேப்போம். எங்க நிக்குதுன்னு தெரியாம மோட்டாரைப் பிரிக்கக் கூடாது."

"நேரமில்லைங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

இரண்டரைக்கு மறுபடி ஒரு தடவை ஓ.எஸ். ஏறி முடிந்தது. தேர்வுக்குக் கொடுத்த ப்ரோக்ராமையும் இறக்கி ஏற்றினாள். மூன்று பத்துக்கு அதுவும் ஆயிற்று. அக்கா காதில் குழலை மாட்டிக்கொண்டு ஒரு வரி அடித்துப் பார்த்தாள். மூன்று பதினெட்டுக்குத் திரை நீலமானது.

பம்பரத்தின் விரல் பட்டனுக்குப் பாய்ந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிக்கிற பிடி.

"விடு அக்கா, நாப்பது நிமிஷம்தான் இருக்கு."

"அமுக்காத. நான் எழுதி வச்சதைக் கேளு, அப்புறம் அமுக்கு."

நோட்டைப் பிரித்தாள். காலையிலிருந்து ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். பழைய வேலை, கை சும்மா இருக்குமா? "ஒன்பது நாப்பத்திரண்டு, அறுந்தது. ஒன்பது நாப்பத்திரண்டு, அமுக்கினே, டிஸ்க் இல்லேன்னுது. பத்து முப்பத்தொண்ணு, அறுந்தது. சண்டை. பத்து நாப்பத்தேழு, அமுக்கினே, எழுந்தது. பதினொண்ணு அம்பது, அறுந்தது, உடனே அமுக்கினே, டிஸ்க் இல்லே. ஒண்ணு அஞ்சு, அறுந்தது. நீ பெட்டி எடுக்க உன் மேசைக்கு ஓடினே. ஒண்ணு இருபத்தெட்டு, எழுந்தது." கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "நீ வெடுக்குனு அமுக்கினப்ப ஒரு தடவைகூட அது எழுந்திருக்கல. நாம சண்டை போட்டப்பவும், நீ வெளிய ஓடினப்பவும் தானா எழுந்திருச்சுது. அதனாலதான் சொல்றேன், ஆறட்டும்டி."

காலையிலிருந்து அந்த வார்த்தையை அவள் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். பம்பரம் இருபது தடவையும் அதைக் கையால் ஒதுக்கித் தள்ளியிருந்தாள். இருபத்தோராவது தடவை, கை அந்தரத்திலேயே நின்றது.

ஆறட்டும்.

ஆற வேண்டுமென்றால் சுட்டிருக்க வேண்டும். மூளை சுடவில்லை. பெட்டி சுடவில்லை. செத்த கையோடு எது காணாமல் போகிறதோ, ஆறியதும் எது திரும்பி வருகிறதோ, அதுதான் சுடுகிறது. டிஸ்க் நலம் என்று பதில் வந்ததும் அது ஆறியிருந்த நேரத்தில் கேட்டதால்தான். பம்பரம் பக்கவாட்டு மூடியைப் பிடுங்கி எடுத்துவிட்டு டிஸ்க்கின் மேலிருந்த உலோகத் தட்டில் விரலை வைத்தாள். குளுகுளுவென்று இருந்தது.

"சுடுதா?" என்றாள் அக்கா.

"இல்ல. அதுதான் தப்பு." பம்பரத்தின் குரல் மெதுவாக வந்தது. "குச்சியோட சூட்டை இந்தத் தட்டு வாங்கிக்கணும். வாங்கியிருந்தா இது சுடணும்."

மெயின் சுவிட்சை அணைத்து, இரண்டு ஆணியைக் கழற்றித் தட்டைத் தூக்கினாள். குச்சியின் மேல் விரல் பட்டதும் ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டாள். தோசைக்கல்லைத் தொட்டது போல இருந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சூட்டை உறிஞ்சுகிற மெத்தென்ற பட்டை. அதன் மேல், யாரும் தொடாமல், புத்தம் புதிதாக, நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். ஒரு ஓரத்தில் பிடித்து உரிப்பதற்கென்றே ஒரு வால் வேறு.

சுடுகிற பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்தால் கைக்குச் சூடு தெரியுமா? அதே கதைதான். இந்தத் தாளைத் தன் மேசையில் அவள் ஆயிரம் தடவை உரித்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு உரிப்பாள். அம்மாவின் வீட்டுத் தரையில் உட்கார்ந்தபோது மட்டும் கை அம்மாவின் கையாகிவிட்டது.

இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்தார்கள்.

"நான் உரிக்காதேன்னது மானிட்டரை" என்றாள் அக்கா.

"நான் எதையும் உரிக்கலேன்னேன்ல. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்."

தாளை உரித்தாள். அது சர்ரென்று வந்தது. தட்டை வைத்தாள், ஆணியை முடுக்கினாள், மூடியை மாட்டினாள். கை பட்டனுக்குப் போனது. தானே இழுத்துக்கொண்டாள்.

"ஆறட்டும்" என்றாள். பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷமும் கண் கடிகாரத்தில்தான். மூன்று ஐம்பதுக்கு அமுக்கினாள். எழுந்தது. தட்டில் மெல்லச் சூடு ஏறியது. மூன்று ஐம்பத்தாறுக்கு அக்கா அறைக் கதவைச் சாத்தினாள்.

இனிமேல்தான் பம்பரத்துக்குக் கஷ்டம். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் எங்காவது நடுவில் நின்றுதான் போயிருக்கிறது. இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுமா என்பது யாருக்கும் தெரியாது. உள்ளே போக முடியாது, பார்க்க முடியாது. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து தட்டெழுத்துச் சத்தம் வந்தது, ஓட்டில் தூறல் விழுகிற மாதிரி. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு இருபது. தூறல். நாலு முப்பத்தைந்து. தூறல்.

நாலு நாற்பத்தொன்றுக்குச் சத்தம் நின்றது.

பம்பரம் எழுந்துவிட்டாள். கை கதவின் பிடியில் இருந்தது. உள்ளே சிஸ்டம் செத்துக் கிடக்கும். இவள் போனால் எழுப்பிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. பிடியைப் பாதி திருப்பிவிட்டாள். செத்திருந்தால் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. சாகாமல் இருந்தால், இவள் உள்ளே வைக்கிற காலே அதைக் கொன்றுவிடும். வாழ்நாள் முழுக்க அவள் கை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது, புத்தி பின்னால் மூச்சிரைக்க வந்திருக்கிறது. இந்தத் தடவை புத்தி முன்னால் போய்க் கதவை மறித்து நின்றது. பிடியை மெதுவாக, சத்தம் வராமல், பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். தரையில் சரிந்து உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். தொண்ணூற்று மூன்றில் தூறல் மறுபடி விழ ஆரம்பித்தது.

ஐந்து மணி தாண்டிக் கதவு திறந்தது. சாய்ந்திருந்தவள் மல்லாந்து அக்காவின் காலடியில் விழுந்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

"நடுவுல ஏன் நின்னுச்சு?"

"எது நின்னுச்சு? அந்த டாக்டர் வாயில எதையோ வச்சுக்கிட்டுப் பேசியிருக்கான். ஒரே வார்த்தையை எட்டுத் தடவை கேட்டேன்." அக்கா நோட்டைக் குனிந்து காட்டினாள். நாலு மணி, தொடக்கம். ஐந்து மூன்று, முடிவு. அறுந்தது என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள்.

அந்த வேலை அக்காவுக்குக் கிடைத்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலி இப்போது சிஸ்டத்துக்கு முன்னால் இருக்கிறது. பம்பரம் திருந்திவிட்டாளா என்றால், அதெல்லாம் இல்லை. இன்னமும் பால் பொங்கி அடுப்பில்தான் வழிகிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மாடிப்படி மேசைக்கு யாராவது நின்றுபோன சிஸ்டத்தைத் தூக்கி வந்தால், திருப்புளியை எடுக்கும் முன் கேட்கிறாள்: "நின்னதும் உடனே அமுக்கினீங்களா, ஆறின பிறகா? எத்தனை மணிக்கு?" பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். எழுத்து மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

அக்காவின் மானிட்டரில் அந்தத் தாள் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கிறது. மேல் மூலையில் கொஞ்சம் பிரிந்து நிற்கிறது. பம்பரம் வரும்போதெல்லாம் பேச்சோடு பேச்சாக அந்த மூலையை நகத்தால் நெருடுவாள். அக்கா காதிலிருக்கிற குழலைக்கூட எடுக்காமல், அடிக்கிற வரியை நிறுத்தாமல் சொல்லுவாள்:

"கையை எடு."